ஜாக்கி தூக்கும்... தாங்காது!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மாருதி 800 காரின் எடை ஏறக்குறைய 650 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையாக எண்ணினால் 26 மூட்டை. 1983-ல் வந்து 2014-ல் விடைபெற்ற அந்தப் பூஞ்சை உடம்பே இவ்வளவு கனம் என்றால், மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம். இன்றைய சின்னக் கார்கள் பலவும் 800, 900 கிலோ. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிகள் ஒன்றரை டன்னை அநாயாசமாகத் தாண்டும். பாட்டரி கார் என்றால், அதே மாடல் பெட்ரோல் காரைவிட இன்னும் கனம்.

இந்தப் பாரத்தின் ஒரு மூலையை, டிக்கியில் தூங்கிக்கொண்டிருந்த ஜாக்கி, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத தன் தலையால் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. நாம் என்ன செய்கிறோம்? 'ஒரே நிமிஷம்' என்று சொல்லிவிட்டு அதன் அடியில் நம் தலையைக் கொடுக்கிறோம்.

நான் பி.காம். எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ஒரே பாலன்ஸ், பாலன்ஸ் ஷீட். அதில் இரண்டு பக்கமும் டாலி ஆகாவிட்டால் ஆடிட்டர் வருவார். ஜாக்கி மேல் நிற்கிற கார் டாலி ஆகாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள் ஜாஸ்தியாகிவிட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலிக்கிறவர்கள், ஞாயிறு காலையில் யூட்யூபில் யாரோ பதினோரு நிமிஷத்தில் ஷாக் அப்ஸார்பர் மாற்றுவதைப் பார்த்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இறங்கிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஈ.எம்.ஐ. கட்டுகிறவனுக்கு, தான் கட்டுவது எதற்கு என்று அடியில் எட்டிப் பார்க்க உரிமை உண்டு. பார்த்துவிட்டு எழுந்து வரவேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று ஜாக்கிகள்

நம் ஊரில் சாதாரணமாகப் புழங்குவது மூன்று ரகம். காரோடு வருவது கத்தரி மாதிரி விரியும் ஸ்க்ரூ ஜாக்கி. இரண்டாவது, லாரிக்காரர்களின் செல்லப்பிள்ளை பாட்டில் ஜாக்கி. மூன்றாவது, ஷெட்டுகளில் சக்கரம் வைத்துத் தவழ்ந்து வரும் டிராலி ஜாக்கி.

பின்னது இரண்டும் ஆயிலால் வேலை செய்பவை. அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டுபிடித்தார். பிராமா என்கிற இங்கிலாந்துக்காரர் 1795-ல் அதை வைத்து ஒரு பிரஸ்ஸே செய்து காப்புரிமை வாங்கினார். சின்ன பிஸ்டனை நாம் பலமுறை அழுத்த, பெரிய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. ஒரு கையால் ஒரு டன்னைத் தூக்கும் ரகசியம் இதுதான்.

ஆனால், தூக்கிய பிறகு அந்த ஆயிலை உள்ளேயே பிடித்து வைத்திருப்பது எது? ஒரு சின்ன ரப்பர் வளையமும் ஒரு வால்வும். வளையம் தேய்ந்தால், வால்வில் ஒரு தூசி சிக்கினால், ஜாக்கி மெதுவாக இறங்கும். சில சமயம் மெதுவாகக்கூட இல்லை.

ஸ்க்ரூ ஜாக்கி இப்படித் தானாக இறங்காது. அதன் வியாதி வேறு. வண்டி நேராக மேலே போவதில்லை. எதிர்ப்பக்கச் சக்கரங்களை அச்சாக வைத்து ஒரு வளைவில் போகிறது. கீழே தரை சொரசொரப்பாகவோ சரிவாகவோ இருந்தால் ஜாக்கி கொஞ்சம் சாய்கிறது. சாய்ந்த ஜாக்கிக்கு ஒரு தட்டு போதும். யாராவது கார் கதவைப் படாரென்று சாத்தினால்கூடப் போதும்.

'கியர்ல போட்டிருக்கேன் ஸார்!'

இன்னொரு நம்பிக்கை, 'ஃபர்ஸ்ட் கியர்ல போட்டிருக்கேன், நகராது' என்பது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் முன்சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்றொரு சமரசக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுற்ற அனுமதிப்பது அவர் வேலை. ஒரு முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிட்டீர்கள் என்றால், அது சும்மா பின்னோக்கிச் சுற்ற, தரையில் இருக்கும் மற்றது முன்னோக்கி உருள, டிஃபரன்ஷியல் தாராளமாக அனுமதி கொடுத்துவிடும். கியரில் போட்டது போட்டபடி இருக்கும். வண்டி போய்விடும். ஆட்டோமாட்டிக் காரில் 'பி'யில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

ஹாண்ட் பிரேக்? பெரும்பாலான கார்களில் அது பிடிப்பது பின்சக்கரங்களை. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் பிடிமானம் பாதியாகிவிடும். ஆகவே கியர், ஹாண்ட் பிரேக் இரண்டும் வேண்டும். அவற்றோடு கட்டையும் வேண்டும். லாரி மேட்டில் நின்றால் கிளீனர் கையில் கட்டையோடு குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மூலையைத் தூக்குகிறோமோ அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைக்கவேண்டும். அரைச் செங்கல் வேண்டாம். அது நொறுங்கும். மரக்கட்டை உத்தமம்.

தொட்டிலும் கையும்

நான் வண்டி விடுகிற ஷெட்டின் மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். அம்பாஸடர், ஃபியட் காலத்தில் ஸ்பானர் பிடித்தவர். ஷெட்டில் டிராலி ஜாக்கி ஒன்றுதான். ஆனால் இரும்பு ஸ்டாண்டு எட்டு. "ஏன் அண்ணே இத்தனை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, கொழந்தையை அம்மா கையாலதான் தூக்கறா. அதுக்காக ராத்திரி பூரா கையிலயே வச்சிருப்பாளா? தொட்டில்ல போடுவா இல்ல? ஜாக்கி, கை. ஸ்டாண்டு, தொட்டில். தூக்கு, ஸ்டாண்டு மேல இறக்கு, அப்புறம் வேலையைப் பாரு."

பிறகு, தன் தொழிலில் தொட்டில் இல்லாமல் கழிந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் வேறொருவர் ஷெட்டில் வேலை பார்த்தார். ஒரு காரின் முன்பக்க லோயர் ஆர்மைக் கழற்ற வேண்டியிருந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் வாட்ச்சைப் பார்க்கிறார். "ஸ்டாண்டெல்லாம் எதுக்குப்பா, பத்து நிமிஷ வேலை" என்கிறார். இருபது வயசு ஹெல்பர் பையன் அடியில் போய்விட்டான். வண்டிக்காரருக்கு உள்ளே வைத்த ஏதோ ஞாபகம் வந்தது. அந்தப் பக்கக் கதவைத் திறந்து, எடுத்துக்கொண்டு, சாத்தினார்.

ஜாக்கி சாய்ந்தது. வண்டி இறங்கியது. இறங்கிய இடத்தில், கழற்றிய சக்கரம் படுத்துக் கிடந்தது. கழற்றின சக்கரத்தை எப்போதும் வண்டியின் விளிம்புக்குக் கீழே தள்ளி வைக்கிற பழக்கம் நம் மெக்கானிக்குக்கு. சக்கரத்தின் மேல் கார் உட்கார்ந்தது. அந்த ஒரு சாண் உயரத்தில் பையன் பிழைத்தான். காது மடலில் ஒரு கீறல்.

"வெளிய இழுத்ததும் 'டீ சொல்லட்டுமாண்ணே?'ன்னு கேட்டான் தம்பி. டீ வந்துது. கிளாஸைப் பிடிக்க முடியல அவனால. கை அப்படி ஆடுது."

"வண்டிக்காரர் என்ன சொன்னார்?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டாரு."

வரிசை முக்கியம்

அவரிடமும் மற்ற சில ஷெட்டுகளிலும் மணிக்கணக்கில் நின்று பார்த்துக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: கெட்டியான, சமமான தரை. மண், சரிவு, வெயிலில் இளகின தார் எதுவும் ஆகாது. வேறு வழியில்லாமல் ரோட்டோரத்தில் நின்றால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை போடுங்கள். நாற்கரச் சாலையில் பஞ்சர் என்றால், கூடுமானவரை ஓரம் கட்டி, நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, பிரயாணிகளை இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். லாரிகள் உரசிப் போகிற இடமாக இருந்தால், டயர் போனாலும் பரவாயில்லை என்று பத்தடி தள்ளி ஓட்டிப் போய் நிறுத்துவதே மேல். டயர் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு: தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்குங்கள். அந்தரத்தில் நிற்கிற வண்டியின் நட்டோடு மல்லுக்கட்டுவது, ஜாக்கியைத் தள்ளிவிடுவதற்குச் சமம்.

மூன்று: ஜாக்கி வைக்கிற இடம். கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டு வெட்டுகள் தெரியும். அவற்றுக்கு நடுவில்தான் வைக்கவேண்டும். மானுவலில் படமே இருக்கும். (அந்தப் புஸ்தகம் க்ளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. பிரியுங்கள்.) ஆயில் சம்ப்பிலோ, தகடான தரைப்பகுதியிலோ வைத்தால் கார் உயராது, ஜாக்கி உள்ளே போகும்.

நான்கு: தூக்கியதும் ஸ்டாண்டு. அதன் மேல் வண்டியை மெதுவாக இறக்கி, வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியில் இருக்கும்போதே விழட்டும். ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டியதில்லை. அமெரிக்காவில் 2020-ல் ஒரு பெரிய கடை, தான் விற்ற ஸ்டாண்டுகளின் பல் நழுவுகிறது என்று லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அதே வருஷம், பதிலுக்குக் கொடுத்ததில் ஒரு ரகத்தில் வெல்டிங் சரியில்லை என்று அதையும் திரும்பக் கூப்பிட்டது. ஆகவே ஸ்டாண்டு தாங்கினாலும் ஜாக்கியை லேசாகத் தொட்டபடி விட்டு வையுங்கள். கழற்றின சக்கரத்தையும் விளிம்புக்குக் கீழே தள்ளுங்கள். ஒன்று தவறினால் இன்னொன்று. ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை, பெரும்பாலும் ஒரு டயரின் விலையைவிடக் குறைவு.

ஐந்து: ஸ்டாண்டு இல்லையா? சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள். அடியில் போகாதீர்கள். காரோடு வருகிற ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே.

ஹாலோ பிளாக்கை அடுக்கி ஸ்டாண்டு மாதிரி வைக்கிற மேதைகளும் இருக்கிறார்கள். அது சுவருக்காகப் பிறந்தது. ஒரு விளிம்பில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து உதிரும்.

ஸ்டெப்னியும் நட்டும்

உபரிச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904-ல் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார். அதற்கு முன் டயர் பஞ்சரானால் ரோட்டிலேயே உட்கார்ந்து ஒட்டவேண்டும். இந்தியாவில் 2020 ஜூலை முதல், டியூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும், டயரின் காற்றைக் கண்காணிக்கும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னியே தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. ஆகவே புது வண்டி வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் என்று நினைத்த சொந்தக்காரர், அவசரத்துக்குப் போனால் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

நட்டு முடுக்குவதில் நம் ஜனங்களுக்கு ஒரே கொள்கை: முடிந்தமட்டும். ஸ்பானர் மேல் ஏறி நின்று குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடுவோம். சின்னக் கார்களின் நட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டருக்கு முன்னே பின்னே. (உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அந்தப் பிரிக்காத புஸ்தகத்தில் இருக்கிறது.) ஒரு அடி நீள ஸ்பானரின் நுனியில் சுமார் 33 கிலோ அழுத்தினால் அந்த 100 வந்துவிடும். 75 கிலோ ஆசாமி ஏறி நின்றால் 220-ஐத் தாண்டும். குதித்தால் பகவானுக்கே வெளிச்சம். போல்ட் இழுபட்டுப் பலவீனமாகும். அடுத்த பஞ்சரில், மழையில், நடுராத்திரியில் நட்டு கழலாது.

நட்டின் சரிந்த முகம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவவேண்டாம். வழுக்கலில் நாம் நினைப்பதைவிட அதிகமாக முடுக்கிவிடும். வட்டமாக ஒவ்வொன்றாக முடுக்காமல், ஒன்றை முடுக்கி அதற்கு எதிரே இருப்பதை முடுக்கவேண்டும். முதலில் கையால், பிறகு லேசாக ஸ்பானரால், சக்கரம் தரையைத் தொட்டதும் முழுசாக. அப்புறம் ஒரு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருதரம் பார்க்கவேண்டும். சுற்று வட்டாரத்தில் யாரும் இந்தக் கடைசி வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை.

தூக்கினது தூக்கினோம்...

ஸ்டாண்டு மேல் உட்கார்ந்த வண்டியில், சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் இரண்டு நிமிஷம் செலவழித்தால் வண்டி தன் வியாதியைத் தானே சொல்லும்.

சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் கேளுங்கள். 'உர்ர்' என்று உறுமினால் பேரிங். மேலும் கீழும் பிடித்து, கடிகாரத்தில் 12-ம் 6-ம் மாதிரி, ஆட்டுங்கள். லொடலொடத்தால் பேரிங்கோ பால் ஜாயிண்ட்டோ. 9-ம் 3-ம் மாதிரி பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கிறதா? முன்சக்கரமாக இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட். ஸ்டீயரிங் சொல்கிற பேச்சைச் சக்கரத்துக்கு எடுத்துச் செல்லும் தூதுவர் அவர். அவர் போனால் பேச்சுவார்த்தை முறிவு.

ஷாக் அப்ஸார்பரில் ஆயில் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. மாற்றினால் ஜோடியாக மாற்றவேண்டும். வலது புதுசு, இடது கிழடு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும். டயரையும் பார்த்துவிடுங்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அதற்கு ஓய்வு. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் பிறந்தது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட்டைப் பார்க்கச் சொல்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் நாம் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தொடவேண்டாம். இன்றைய கார்களின் முன்பக்கம் பெரும்பாலும் மக்பர்ஸன் ஸ்ட்ரட். அதாவது ஷாக் அப்ஸார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே குடும்பமாக இருப்பது. அந்த ஸ்பிரிங் வண்டியில் இல்லாதபோதும் அமுங்கித்தான் இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. ஸ்பிரிங்கைக் கருவி போட்டு அமுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், அது பீரங்கி. யூட்யூபில் பதினோரு நிமிஷத்தில் முடிக்கிறவர் அந்தக் கருவியை எத்தனை ஜாக்கிரதையாகப் பூட்டினார் என்பதை எடிட்டிங்கில் வெட்டியிருப்பார்கள். அந்த வேலை ஷெட்டுக்கு.

ஷெட்டில் கொடுத்தாலும் ஒன்று கேளுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டியது எப்போது? பல வண்டிகளில், சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் அதில் இறங்கிய பிறகு. அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் ஓடும்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும் ரப்பர், சீக்கிரமே கிழியும். 'புதுசு போட்டும் ஆறு மாசத்துல போயிடுச்சு ஸார், டூப்ளிகேட்' என்று புதுப்பேட்டைக் கடைக்காரர்மேல் பழி விழுவதில் கொஞ்சம் இந்தக் கணக்கிலும் சேரவேண்டும்.

யார் கையில்?

நம்மில் பெரும்பாலானவர்கள் காருக்கு அடியில் போகப் போவதில்லை. நமக்காக யாரோ போகிறார்கள். லிஃப்ட் வைத்த பெரிய சர்வீஸ் ஸ்டேஷன்களில் வண்டி ஏறும்போது 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். ஆயில் கைவிட்டாலும் இரும்பு பிடித்துக்கொள்ள, பல் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். தெருமுனை ஷெட்டில் அந்தச் சத்தம் இல்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது இரண்டு ஸ்டாண்டும், அவற்றை வைக்க ஆகிற இரண்டு நிமிஷமும்.

அந்த இரண்டு நிமிஷத்தைப் பெரும்பாலும் விழுங்குவது மெக்கானிக்கின் சோம்பல் இல்லை. பக்கத்தில் நின்று வாட்ச்சைப் பார்க்கிற நாம். 'ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சுப்பா' என்கிற நம் குரல். மானேஜரிடம் பத்து நிமிஷம் பாட்டு கேட்பதற்குப் பயந்து, இருபது வயசுப் பையன் ஒருவனை ரப்பர் வளையத்தை நம்பிப் படுக்க வைக்கிறோம்.

அடுத்த முறை வண்டி விடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்டாண்டு போட்டாச்சா அண்ணே?" போடும்வரை நின்று பாருங்கள். போட்டதும் கதவைச் சாத்தாமல், தள்ளிப் போய் டீ குடியுங்கள். அந்தப் பையனுக்கும் ஒன்று சொல்லுங்கள்.